எம்.எல்.ஏ. வந்தால் கேட் திறந்தாக வேண்டுமா? சட்டம் சொல்வதும் ராமநாதபுரம் கடற்கரையில் நடப்பதும்

ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர் கூட்டம். மனு கொடுக்க வருகிறவர்களின் பையை வாசலில் போலீஸ்காரர்கள் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். மனம் வெறுத்துப்போய் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் கொடுமை தமிழ்நாட்டின் பல கலெக்டர் அலுவலகங்களில் நடந்த பிறகு வந்த வழக்கம் இது. அதே வாசலில் எம்.எல்.ஏ.வின் கார் வந்தால் நிற்காமல் உள்ளே போகும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கார் நிற்காமல் போவது உரிமையா, மரியாதையா? ஊரில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலோர் உரிமை என்றுதான் சொல்வார்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அது மரியாதை மட்டும்தான். தன் தொகுதியில் இருக்கும் அரசுக் கட்டடத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழையலாம், ஆய்வு செய்யலாம் என்று சட்டமன்ற உறுப்பினருக்குப் பொதுவான அதிகாரம் தரும் ஒரு வரிகூட நம் அரசியல் சட்டத்தில் கிடையாது. எம்.பி.க்கும் அப்படித்தான்.

எழுதி வைத்த உரிமைக்கும் பழக்கத்தில் கிடைக்கும் மரியாதைக்கும் உள்ள வித்தியாசம் கதவு திறந்திருக்கும்போது தெரியாது, மூடும்போதுதான் தெரியும். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு மருத்துவமனை, விடுதி, ரேஷன் கிடங்கு எல்லாம் தானாகத் திறக்கும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அதே இடத்துக்குப் போய், உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிக்காத கேள்வி ஒன்றைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், “சார், மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன், கொஞ்சம் உட்காருங்க” என்பார்கள். அந்த மேலிடம் சாயங்காலம் வரை போனை எடுக்காது. இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது ஒரே மாதிரியான வாக்குதான் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

சிறப்புரிமை எதுவரை

சட்டமன்ற உறுப்பினர்களின் சிறப்புரிமை அரசியல் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு அதே பொருளில் 105. அவையில் பேசுவதற்குச் சுதந்திரம் உண்டு. அங்கே பேசியதற்கும் வாக்களித்ததற்கும் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. மற்ற சிறப்புரிமைகளைச் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது உட்பிரிவு சொல்கிறது. அப்படி இயற்றும் வரை பழைய நிலையே தொடரும். 1950-ல் பழைய நிலை என்று சொன்னது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக் காமன்ஸ் சபையின் உரிமைகளை. 1978-ல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அந்தப் பெயரை எடுத்துவிட்டது, ஆனால் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. சிறப்புரிமைகள் அத்தனையையும் தொகுத்து ஒரே சட்டமாக எழுதும் வேலையை நாடாளுமன்றம் இன்றுவரை செய்யவில்லை.

இந்தச் சிறப்புரிமையின் எல்லை எங்கே என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அது அவையின் வேலைக்காகத் தரப்பட்டது. அவைக்குப் போகும் வழியில் உறுப்பினரைத் தடுத்தால், அவையில் பேசியதற்காக மிரட்டினால், உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனபோது தலைமையாசிரியர் உள்ளே விடவில்லை என்றால், அது அவை வேலைக்கு வந்த தடையாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. மக்களுக்காகத்தானே போனார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொகுதி வேலையைச் சிறப்புரிமையின் வட்டத்துக்குள் இந்தியச் சட்டமன்ற மரபு கொண்டுவரவில்லை.

தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கு ஒன்று இந்த எல்லையை நன்றாகக் காட்டும். திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியாரும் புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தும் கம்யூனிஸ்ட் தலைவர்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவர்களைக் காவலில் வைத்தார்கள். நாடாளுமன்றக் கூட்டத்துக்குப் போக வேண்டியவர்களை இப்படி அடைத்து வைக்கலாமா என்று இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சட்டப்படி பிறப்பித்த காவல் ஆணைக்கு முன்னால் எம்.பி.க்கும் சாதாரணக் குடிமகனுக்கும் வேறுபாடு இல்லை என்று 1965-ல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றத்துக்குள் போவதற்கே அவ்வளவுதான் பலம் என்றால், மற்றக் கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2021-ல் கேரள வழக்கு. 2015-இல் பட்ஜெட் வாசிக்கும்போது கேரளச் சட்டமன்றத்துக்குள் மேஜை நாற்காலிகளை உடைத்த உறுப்பினர்கள் மீதான வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசு கேட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. பொதுவான சட்டத்தில் இருந்து விலக்குப் பெறும் வாசல் அல்ல சிறப்புரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே அரசு அலுவலகத்தில் ஓர் ஊழியரைத் தள்ளிவிட்டு எம்.எல்.ஏ. நுழைந்தால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவு (பணியில் இருக்கும் பொது ஊழியர் மீது தாக்குதல்), 221 (பணிக்கு இடையூறு) எல்லாம் அவருக்கும் பொருந்தும்.

சரி, எம்.எல்.ஏ. தயங்காமல் நுழையக்கூடிய அரசுக் கட்டடம் என்று ஒன்று உண்டா? புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் சட்டமன்றம். அங்கேயும் சபாநாயகர் வெளியேற்றச் சொன்னால் அவைக்காவலர்கள் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுவார்கள். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது தி.மு.க. உறுப்பினர்களுக்கு அதுதான் நடந்தது.

தனி ஆளுக்கு இல்லாதது குழுவுக்கு உண்டு

எம்.எல்.ஏ.வுக்கு இல்லாத பலம் சட்டமன்றக் குழுவுக்கு இருக்கிறது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் குழுக்கள் உண்டு. மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். மருத்துவமனை, துறைமுகம், பாதியில் நிற்கும் பாலம் என்று பார்த்துவிட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து துறை அதிகாரிகளைக் கேள்வி கேட்பார்கள். ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதைத் தடுத்தால் அவையையே தடுத்ததாகும். இந்தக் குழுக்களில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் இருக்கும் என்பது முக்கியம்.

குறை என்னவென்றால், குழு வருகிற தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். வெள்ளையடித்த சுவரும் புதிதாக விரித்த படுக்கை விரிப்பும்தான் குழுவின் கண்ணில் படும். நோயாளியோடு துணைக்கு இருக்கும் அம்மா அன்றைக்குக் காலையிலேயே வார்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டிருப்பார்.

அமைச்சரின் கதை வேறு. அவர் அந்தத் துறையின் நிர்வாகத் தலைமை. சுகாதார அமைச்சர் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ராத்திரி பத்து மணிக்குத் திடீரென்று வந்தால், அது மேலதிகாரி ஆய்வு. எம்.எல்.ஏ. நிர்வாகத்தின் ஆள் அல்லர். நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கேள்வி கேட்க வேண்டியவருக்குக் கண்ணால் பார்க்கும் வழி இல்லை என்பதுதான் நம் ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

எம்.பி.க்குக் கொஞ்சம் கூடுதல் பிடி உண்டு. மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்க 2016-ல் கொண்டுவந்த மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவை (திஷா கமிட்டி என்று சொல்வார்கள்) எம்.பி.தான் தலைமையேற்று நடத்துகிறார். கலெக்டர் அதன் உறுப்பினர் செயலர். ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் தவிர, புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் சேர்ந்திருக்கின்றன. ஓர் எம்.பி. மூன்று கலெக்டர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்புறம் இருப்பது சுற்றறிக்கைகள். மக்கள் பிரதிநிதி வந்தால் அதிகாரி எழுந்து வரவேற்க வேண்டும், எழுந்து வழியனுப்ப வேண்டும், அவர் கடிதத்துக்கு 15 நாளில் கிடைத்தது என்று பதில் போட்டு அடுத்த 15 நாளில் முழுப் பதில் தர வேண்டும் என்று மத்திய பணியாளர் துறை 2011 டிசம்பரில் தொகுத்து அனுப்பியிருக்கிறது. இதை மீறும் அதிகாரிகள் மீதான புகாரை விசாரிக்க மக்களவையில் குழு ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறைக்குள் வந்தவரை எப்படி நடத்துவது என்பதைத்தான் இந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. பூட்டியிருக்கும் கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை.

கடற்கரையில் மூடிய வாசல்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். எல்லைக் கடல் என்பதால், சாதாரண மாவட்டத்தில் பார்க்க முடியாத அளவுக்கு மூடிய இடங்கள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். மண்டபத்தில் கடலோரக் காவல் படை. இங்கே பேச்சுக்கே இடமில்லை. 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் ராணுவத் தளங்களைத் தடை செய்யப்பட்ட இடங்கள் என்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. யாராக இருந்தாலும் அழைப்பு அல்லது அனுமதி வேண்டும். இது இப்படியே இருப்பதுதான் சரி.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருக்கும் 21 தீவுகள் 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பூங்காவுக்குள் யார் போகலாம் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு வகைப்படுத்துகிறது. பணியில் இருக்கும் பொது ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே சொத்துரிமை உள்ளவர் என்று போகும் அந்தப் பட்டியலில் மக்கள் பிரதிநிதி என்ற வகையே இல்லை. பாசி எடுக்கும் சின்னஏர்வாடி, களிமண்குண்டு பக்கத்துப் பெண்கள் தீவுக்கு அருகே போகும்போது வனத்துறையோடு வரும் தகராறைத் தீர்க்க நினைக்கும் எம்.எல்.ஏ., அந்த இடத்தை நேரில் பார்ப்பதற்கும் வனத்துறையிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

சிறைக்கு ஒரு வழி இருக்கிறது. 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம் பார்வையாளர்களை நியமிக்க இடம் தருகிறது. மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடு பார்வையாளர் குழுவில் எம்.எல்.ஏ.க்களையும் சேர்க்கச் சொல்கிறது. நியமனம் பெற்றவர் உள்ளே போகலாம், கைதிகளிடம் பேசலாம், குறிப்பேட்டில் எழுதலாம். நியமனம் செய்வது யார் என்றால், அரசுதான். அந்த அரசு நியமிக்காத எம்.எல்.ஏ. மற்றவர்களைப் போல மனு எழுதிக் கொடுத்துக் கைதியைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் இல்லங்களுக்கு வேறு ஏற்பாடு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவுப்படி மூன்று பேருக்குக் குறையாத ஆய்வுக் குழு போக வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று 74-ஆவது பிரிவு சொல்கிறது. பிறந்த நாள் கேக்கோடும் கேமராவோடும் இல்லத்துக்குப் போகும் பிரதிநிதிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை பிரிட்டிஷ் காலத்தில் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடம் அது. 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களை அங்கே தங்கவைத்தார்கள். 2022 மார்ச்சில் இருந்து, பொருளாதாரம் சரிந்ததால் கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. வெளியாட்கள் முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது மாறவில்லை.

அங்கே இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர்களைத் தேடி அரசியல்வாதி போவது குறைவு. போக விரும்பும் ஒருவரும் அனுமதிக் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்றால் இன்னும் குறையும். ஓட்டு வீடு ஒழுகுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று அறிவிப்பில்லாமல் வந்து பார்க்க ஒருவர் அவசியம் தேவைப்படுவது இந்த மாதிரி இடத்துக்குத்தான். யாரும் எதிர்பாராமல் உள்ளே போகும் உரிமைக்கு நான் வாதாடுவதன் முதல் காரணம் இந்த முகாம்.

இன்னொரு வாசல் நம் நாட்டிலேயே இல்லை. ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் மறுநாள் காலை அந்தக் குடும்பத்துப் பெண்கள் மீன்துறை அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எம்.எல்.ஏ. வருவார், உதவி இயக்குநர் அறைக்குள் போவார். வெளியே வந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நீங்க ஒரு எட்டு போய் எம் பேரனப் பாத்துட்டு வாங்களேன்” என்பார். யாழ்ப்பாணத்துச் சிறைக்குள் போக நம் எம்.எல்.ஏ.வுக்கு மட்டுமல்ல, எம்.பி.க்கும் உரிமை இல்லை. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு அந்த உரிமையைத் துணைத் தூதரக அதிகாரிகளுக்குத்தான் தருகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தார் போய்ப் பார்க்கலாம். எம்.எல்.ஏ.வால் ஆவது, யார் யார் எந்தச் சிறையில் இருக்கிறார்கள், மருந்து வேண்டியவர் யார் என்று கேட்டுத் தூதரகத்துக்கும் வெளியுறவுத் துறைக்கும் ஓயாமல் எழுதுவது. அதை அந்தப் பாட்டியிடம் நேராகச் சொல்லும் எம்.எல்.ஏ.வை நான் மதிப்பேன்.

தேர்தல் காலத்தில்

தேர்தல் அறிவித்த உடனே எம்.எல்.ஏ. அலுவலகத்தையே பூட்டி விடுவார்கள். தமிழ்நாட்டில் தொகுதிதோறும் அரசு கட்டிக் கொடுத்த அலுவலகம் அது. நடத்தை விதி வந்ததும் வருவாய்த் துறையினர் வந்து பூட்டுப் போட்டுச் சீல் வைப்பதை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். அரசு விருந்தினர் மாளிகையைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. வாக்குச்சாவடிக்குள் பணியில் இருக்கும் பொது ஊழியர்கள் போகலாம் என்று விதி இருந்தாலும், அமைச்சர்கள் அதில் சேர மாட்டார்கள் என்று தேர்தல் ஆணையத்தின் கையேடு விளக்கமாகவே சொல்கிறது. வாக்காளராக, வேட்பாளராகப் போகலாம். வேறு வழியில்லை.

எழுதி வைத்த நாடுகள்

பிரான்சில் 2000-ஆம் ஆண்டு ஜூன் 15 சட்டம் வந்ததில் இருந்து மக்களவை, மேலவை உறுப்பினர்கள் சிறைக்கும் காவல் நிலையத் தடுப்பறைக்கும் எந்த நேரத்திலும் போகலாம். 2015 முதல் சிறைக்குப் பத்திரிகையாளர்களையும் கூட்டிப் போகலாம். இத்தாலியில் 1975-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுமதி தேவையில்லை என்கிறது. போலந்து இன்னும் ஒரு படி மேலே. 1996-ல் இயற்றிய உறுப்பினர் பணிச் சட்டப்படி, அரசு அலுவலகங்களிலும் அரசுப் பங்கு உள்ள நிறுவனங்களிலும் தகவல் கேட்கலாம், அந்தத் தகவல் இருக்கும் அறைக்குள் போகலாம். அதே சட்டம் எல்லையும் போடுகிறது: மற்றவர்களின் தனிப்பட்ட உரிமை கெடக் கூடாது, சட்டம் காக்கும் ரகசியத்தைத் தொடக் கூடாது.

அமெரிக்காவில் குடியேறிகளை அடைக்கும் தடுப்பு மையங்களுக்கு மட்டும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். கண்காணிப்புக்காக வரும் நாடாளுமன்ற உறுப்பினரைத் தடுக்க அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது, முன்னறிவிப்பும் கேட்கக் கூடாது என்பது அதன் பொருள். 2025 மே மாதம் நெவார்க் நகரத்து மையத்தின் வாசலில் தள்ளுமுள்ளு நடந்து ஒரு பெண் உறுப்பினர் மீது வழக்குப் பாய்ந்தது. அடுத்த மாதமே நிர்வாகம் 72 மணி நேர முன்னறிவிப்புக் கேட்டது. உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். சட்டத்தில் எழுதியிருந்தும் இந்தப் பாடு என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் காட்ட அவர்கள் கையில் ஒரு வரி இருந்தது. நம்மிடம் அது இல்லை.

இங்கே என்ன செய்யலாம்

எம்.எல்.ஏ.க்களுக்கு இதற்கு மேலும் அதிகாரமா என்று பதறுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பத்து கார், இருபது ஆட்கள், மூன்று கேமரா என்று பிரசவ வார்டுக்குள் நுழைந்து, இரவெல்லாம் விழித்திருந்த பயிற்சி மருத்துவரை எல்லோர் முன்னாலும் திட்டுவது ஆய்வு இல்லை. அதை நிறுத்தவும் எழுதிய விதி வேண்டும். இன்றைக்கு வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலாளிக்கு எந்த விதியும் துணையில்லை. திறந்தால் ஒரு பக்கம் திட்டு, திறக்காவிட்டால் இன்னொரு பக்கம் திட்டு. ஆளுங்கட்சிப் பிரமுகர் என்று தெரிந்தால் திறப்பது, மற்றவர் என்றால் போன் போடுவது என்று அவர் தனக்குத் தெரிந்த அளவில் சமாளித்துக்கொள்கிறார்.

ஆகவே உரிமையையும் எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். உறுப்பினரோடு ஓர் உதவியாளர் மட்டும் போகலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நோயாளியோ முகாம்வாசியோ பேச விரும்பினால் மட்டும் பேசலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைகள் இல்லம், விசாரணைக் கோப்பு, ஆயுதக் கிடங்கு விலக்கு. வந்த நேரமும் பார்த்ததும் பதிவேட்டில் ஏற வேண்டும். தடுத்த அதிகாரி காரணத்தை அன்றைக்கே எழுத்தில் தர வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விதி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும்.

இதைச் செய்ய டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கும் 39-ஆவது இனம் சட்டமன்றத்துக்கும் உறுப்பினர்களுக்கும் குழுக்களுக்கும் உள்ள அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிச் சட்டம் இயற்றும் வேலையை மாநிலத்துக்கே தந்திருக்கிறது. அப்படி வரும் சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மாநில அரசு நடத்தும் மருத்துவமனை, விடுதி, சிறை, ரேஷன் கிடங்கு, மறுவாழ்வு முகாம் எல்லாம் அதற்குள் வரும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு, உதாரணமாக மண்டபத்துக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்துக்கு, நாடாளுமன்றம்தான் எழுத வேண்டும்.

அதுவரைக்கும் இருக்கும் கருவிகள் இரண்டு. மனுக்கள் குழுவுக்கு நாமே எழுதலாம். குழு வந்து பார்த்தால் அதற்கு அவையின் பலம் உண்டு. இன்னொன்று, 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 2-ஆவது பிரிவின் ‘ஜெ’ உட்பிரிவு, அரசு வேலைகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளில் மாதிரி எடுக்கவும் இந்தியக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. புயல் பாதுகாப்பு மையம் கட்டுகிற சிமெண்ட் கலவையில் மணல் எவ்வளவு என்று பார்க்க, கீழக்கரையிலோ தொண்டியிலோ இருக்கும் ஒருவர் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். எம்.எல்.ஏ.வும் குடிமகன்தான். அவரும் போடலாம்.